ஷட்டர் கனக்கிறதா? முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் தனி வீடு. கார் நிறுத்தும் இடத்துக்குப் பத்து வருடங்களுக்கு முன்பு இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அங்கே இரண்டடித் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, இப்போது என்னால் தனியாகத் தூக்கவே முடியவில்லை. பார்க்க வந்தவர், ஆயுள் முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தகட்டின் எடை பத்து வருடத்தில் கூடிவிடாது. கனம் கூடியதுபோல் தெரிந்தால், உங்களோடு சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் ஓய்ந்திருக்கலாம். மேலே பெட்டிக்குள், ஷட்டர் சுருளும் குழாயில் அது இருக்கிறது. ஷட்டர் இறங்க இறங்க முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங்குகள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் பாரம் உங்கள் தோளுக்கு வந்துவிடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். இருவராகச் சேர்ந்து இடுப்பளவு தூக்கி, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு பிடியை மெல்லத் தளர்த்துங்கள். ஷட்டர் அப்படியே நின்றால் ஸ்பிரிங்கில் குறையில்லை. கீழே சரிந்தால் ஸ்பிரிங்தான் காரணம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கரகரவென்று இழுத்துப் பிடித்தால், கோளாறு ஷட்டரின் ஓரங்கள் ஓடும் இருபுறச் சேனலில் இருக்கிறது. வெள்ளம் பார்த்த ஷட்டரில் இரண்டும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு உண்டு.

எங்கள் வீட்டிலும் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இப்படித்தான் இறுகியது. சேனலின் அடியில் ஸ்குரூடிரைவரை விட்டுச் சுரண்டினேன். காய்ந்த சேறும் துருப்பொடியுமாக ஒரு கைப்பிடி வந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, உள்பக்கத்தில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்ததும் பாதிக் கனம் போய்விட்டது. நீங்களும் இதிலிருந்து தொடங்குங்கள். சேனலுக்குள் பழைய இன்ஜின் ஆயிலையோ தேங்காய் எண்ணெயையோ ஊற்றாதீர்கள். தெருப்புழுதி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். சிலிகான் ஸ்பிரே போதும். கிரீஸ் வைக்க வேண்டிய இடம் மேலே இருக்கும் பேரிங். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன்பு, ஆள் வைத்து அதைச் செய்துகொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ தொடவே கூடாது. இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைத் தெரியாமல் தளர்த்தினால், தேங்கியிருக்கும் முறுக்கு ஒரே நொடியில் அவிழும். குழாயில் மாட்டிய ரென்ச் சுழன்று கையை முறித்துவிடும். ஸ்பிரிங் மாற்றத் தெரிந்தவரை அழையுங்கள். ஒன்று அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒரே நாளில் பூட்டி, ஒரே அளவு உழைத்தவை அவை. மற்றவையும் பின்னாலேயே போகும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அடியில் இரண்டு மூன்று தகடுகள் துருவில் ஓட்டை விழுந்திருந்தால், அவற்றை மட்டும் மாற்றலாம். தகடுகள் ஒன்றோடொன்று கோத்தவைதான். பக்கவாட்டில் உருவி எடுக்க முடியும். அகலமும் மடிப்பும் பழையதோடு பொருந்த வேண்டும். கேஜையும் கேளுங்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும்: 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ. அளவுதான். தகடுகள் பாதிக்குமேல் அரித்து, சேனலும் சுவரை விட்டு ஆடினால் மட்டுமே புது ஷட்டர் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது. குனிந்து தூக்க முடியவில்லை. பழைய ஷட்டருக்கே மோட்டார் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம், ஸ்பிரிங் சரியாக இருந்தால். கையால் தள்ளி ஏற்றும் ஷட்டருக்கென்று வரும் மோட்டார், ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும் என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. அறுந்த ஸ்பிரிங்கோடு பூட்டினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். முதலில் ஷட்டர் கையால் இலகுவாக ஏறட்டும்.

விலை பேசும்போது மூன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள். மின்சாரம் போனால் கையால் திறக்க என்ன வழி? ஷட்டர் மேலேயும் கீழேயும் தானாக நிற்க லிமிட் சுவிட்ச் சரிசெய்து தருவார்களா? குறுக்கே ஆள் வந்தால் இறங்காமல் நிறுத்தும் சென்சார் உண்டா? பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால், சென்சார் இல்லாத மோட்டாரை என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரிமோட்டும் சிறுவர்கள் கைக்கு எட்டக்கூடாது.

கேள்வி: புது ஸ்பிரிங் போட்ட இரண்டே மாதத்தில் அறுந்துவிட்டது. கடைக்காரர், ‘பில் எங்கே?’ என்று கேட்கிறார். அன்று அவர் பில்லே தரவில்லை.

பதில்: பில் தராதது அவருடைய தவறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, அறுந்த ஸ்பிரிங்கின் படம் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் அவருக்கு எழுத்தில் கேளுங்கள், ஒரு வாரம் கெடு கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.