எந்த யூனிட், எந்தக் கிழமை? – சென்னை ஜி.எச். பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை பற்றியும், பொதுவாக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பற்றியும் வந்த கேள்விகளில் சில.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். 'ரிவ்யூவுக்கு எங்கள் யூனிட் நாளில் வாருங்கள்' என்றார்கள். யூனிட் நாள் என்றால் என்ன? வேறு நாளில் போனால் பார்க்க மாட்டார்களா?
– வாசகி, திருவண்ணாமலை

பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பவர் உங்கள் அப்பாவின் வயிற்றைத் திறந்தவராக இருக்க மாட்டார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம், பொது அறுவை போன்ற பெரிய துறைகளெல்லாம் யூனிட்களாகப் பிரிந்துதான் இயங்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பேராசிரியர். வார்டில் எல்லோரும் 'சீஃப்' என்பது அவரைத்தான். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. எனப்படும் முதுநிலை மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்கள். இந்தக் குழுவுக்கு வாரத்தில் சில கிழமைகள் ஓ.பி. (வெளிநோயாளிகளைப் பார்ப்பது), சில கிழமைகள் அட்மிஷன், சில கிழமைகள் ஆபரேஷன் தியேட்டர். நீங்கள் தவறான கிழமையில் போனால், உங்கள் டாக்டர் மாடியில் இன்னொருவருக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருப்பார். கீழே ஓ.பி.யில் வேறு யூனிட் உட்கார்ந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல்பகுதியைப் பாருங்கள். பெயர், வயதுக்குப் பக்கத்திலேயே ஐ.பி. (உள்நோயாளி) எண், வார்டு எண், யூனிட், சீஃப் பெயர் இருக்கும். அடியில் மறுபரிசோதனைத் தேதி. தேதி மட்டும் இருந்து கிழமை இல்லையென்றால், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே வார்டில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனிடம் கேட்டு அதே தாளில் எழுதி வாங்குங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரி ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் மிச்சப்படுத்தும்.

ஓ.பி. காலை வேலை. சீட்டு போடவே வரிசை இருக்கும், மதியம் போய் நின்றால் கவுன்டர் மூடியிருக்கும். பழைய சீட்டு, சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, சர்ஜன்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

தையல் போட்ட இடத்தில் சீழ், காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் இருப்பது – இதில் எது வந்தாலும் யூனிட் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவு. அது 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

ஜி.எச். எத்தனை ஆண்டு பழையது? பிரசவத்துக்கும் அங்கேயே போகலாமா?
– வாசகர், அரக்கோணம்

1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. இடம் மாறி மாறி, 1772-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1835-ல் அதை ஒட்டி மருத்துவப் பள்ளி. 1850-ல் அதுவே சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களை இந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. பெண்கள் மருத்துவம் படிப்பதை உலகின் பல கல்லூரிகள் மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1912-ல் இங்கே பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். இப்போதைய பெயர் 2011-ல் வந்தது. மக்கள் வாயில் அது இன்னும் ஜி.எச்.தான்.

பிரசவத்துக்கு எழும்பூர் போங்கள். 1844-ல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை அங்கே இருக்கிறது. குழந்தைகளுக்கும் எழும்பூரிலேயே தனி மருத்துவமனை. கண்ணுக்கும் எழும்பூர்தான், அது 1819-ல் தொடங்கியது. மூன்றுமே சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவை. வலி எடுத்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றி சென்ட்ரல் எதிரே கொண்டுபோய் நிறுத்தினால், அங்கிருந்து மறுபடி எழும்பூருக்குத்தான் அனுப்புவார்கள். அந்த நேரம் வீண். 108-ஐக் கூப்பிட்டால் சரியான இடத்துக்கே கொண்டுபோவார்கள்.

விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுபோனால் 'ஏ.ஆர். போட வேண்டும்' என்கிறார்களே, அது எதற்கு? பிறகு வந்தவரை முதலில் உள்ளே கூப்பிடுவது ஏன்?
– வாசகர், செங்கல்பட்டு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அவசரப் பிரிவின் வாசலிலேயே நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு நான்கையும் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள். சிவப்பு என்றால் இப்போதே கை வைக்காவிட்டால் உயிர் போகும். கை முறிந்து அலறுகிறவர் மஞ்சளில் இருக்கலாம், சத்தமே போடாமல் படுத்திருப்பவர் சிவப்பில் இருக்கலாம். வரிசையை முடிவு செய்வது வந்த நேரம் இல்லை.

ஏ.ஆர். என்பது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். சாலை விபத்து மட்டுமல்ல, அடிதடி, விஷம், தீக்காயம் எல்லாமே அதில் பதிவாகும். டியூட்டி டாக்டர் எழுதுவது இதுதான்: யார் அழைத்து வந்தார், எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார், எங்கே, எந்த வாகனம், உடம்பில் எந்த இடத்தில் எத்தனை செ.மீ. காயம். பிறகு போலீசுக்குத் தகவல் போகும். இது சிகிச்சைக்கு நிபந்தனை இல்லை. சிகிச்சை ஒரு பக்கம் தொடங்கும், பதிவு இன்னொரு பக்கம் நடக்கும்.

குழப்பம் பெரும்பாலும் உறவினர்கள் சொல்வதில் வருகிறது. பயத்தில் 'படியில் விழுந்தார்' என்று சொல்லிவிட்டு, மறுநாள் 'லாரி மோதியது' என்றால் முதல் பதிவை அழிக்க முடியாது. மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். நேரில் பார்க்காதவர் 'நான் பார்க்கவில்லை' என்றே சொல்லட்டும். தெரிந்ததை மட்டும், தெரிந்தபடி. குடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தலையில் அடிபட்டவர் மயங்கியிருப்பது மதுவாலா, மூளையில் ரத்தக் கசிவாலா என்று பார்க்க அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அவசரப் பிரிவு பற்றி இன்னொன்று. பக்கவாதம் என்று சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 'காலையில் எழுந்தபோது வாய் கோணியிருந்தது' என்றால், கணக்கு எழுந்த நேரத்திலிருந்து இல்லை, இரவு படுத்த நேரத்திலிருந்து.

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, பிறகு ஏன் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்?
– வாசகி, விழுப்புரம்

அட்டை இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு போன்ற விலை கூடிய பொருள்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி வாங்குவார்கள். அந்தப் பணம் மருத்துவமனைக்கு வரும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

அனுமதி தாமதமாவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். புது மருமகள் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்காது, ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். நோய் வருவதற்கு முன்பே ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய் முடித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

காலையில் ரத்தம் எடுத்தார்கள். மாலையில் 'சாம்பிள் சரியில்லை' என்று மறுபடி எடுத்தார்கள். ஏன்?
– வாசகர், ஆவடி

நீல மூடிக் குழாயாக இருந்திருக்கலாம். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதற்கான குழாய் அது. உள்ளே ஒரு பங்கு சிட்ரேட் திரவம் முன்பே இருக்கும், அதற்கு ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும். குழாயில் உள்ள கோடு வரை நிரம்பவில்லையென்றால் திரவம் அதிகமாகி, நேரம் தவறாக நீண்டு காட்டும். அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம், தேவையில்லாமல் பிளாஸ்மா ஏற்றலாம். அதனால் லேப் திருப்பி அனுப்புவது நல்லது. ஊதா மூடிக் குழாயை எடுத்தவுடன் மெதுவாகப் பல முறை கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் ரத்தம் உள்ளேயே கட்டி, தட்டணுக்கள் குறைவாகத் தெரியும். மெல்லிய நரம்பிலிருந்து வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, பொட்டாசியம் பொய்யாக உயரும்.

ஒரே கதையை நாலு டாக்டர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர்கள் பரிசோதிப்பதை மறுக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

மறுக்கலாம். 'இப்போது வேண்டாம், வலிக்கிறது' என்றால் போதும், சிகிச்சை குறையாது. பெண் நோயாளியை ஆண் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருக்கக் கேட்பதும் உங்கள் உரிமை.

ஆனால் கதையை மட்டும் சலிக்காமல் சொல்லுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறோம். முதலில் எழுதுபவர் ஹவுஸ் சர்ஜன், அதைச் சரிபார்ப்பவர் பி.ஜி., காலை ரவுண்ட்ஸில் சீஃப் முன்னால் இருவரும் பதில் சொல்லியாக வேண்டும். பென்சிலின் ஊசி போட்டபோது ஒருமுறை உடம்பெல்லாம் தடித்தது என்பது முதல் இரண்டு பேரிடம் சொல்ல மறந்து, மூன்றாவது ஆள் கேட்கும்போதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். வந்தால், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.