ஒரு லன், மூன்று சர்வர்: சான் ஸ்டோரேஜ் கேள்வி பதில்

கிளஸ்டரில் (ஒன்றாகச் சேர்ந்து ஓடும் சர்வர்கள்) சான் ஸ்டோரேஜை (நெட்வொர்க் வழியே பல சர்வர்களுக்கு டிஸ்க் கொடுக்கும் பெட்டி) இணைப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி முதல் கேள்வியின் வேறு வேறு வடிவம்தான். அதனால் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில்.

கப்பலூர், நூற்பாலை: அண்ணே, மூன்று சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல விஎம், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, சானில் ஒரு லன் (சர்வருக்கு டிஸ்காகத் தெரியும் பகுதி) வெட்டி மூன்றுக்கும் காட்டினேன். ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) ஃபார்மட் செய்து மூன்றிலும் மவுன்ட் பண்ணினேன். இரண்டாவது சர்வரில் போட்ட ஃபைல் முதலாவதில் தெரியவில்லையே?

தம்பி, முதலில் மூன்றிலும் அன்மவுன்ட் செய்துவிட்டு வந்து படியுங்கள். சான் கொடுப்பது வெறும் பிளாக். யார் எழுதுகிறார்கள் என்று அது பார்க்காது. ஈஎக்ஸ்டி4-ஓ இந்த டிஸ்க் தனக்கு மட்டும்தான் என்று நம்பி, எந்த இடம் காலி என்ற கணக்கைத் தன் மெமரியிலேயே வைத்திருக்கும். முதல் சர்வர் காலி என்று நினைக்கும் இடத்தில் இரண்டாவது ஏற்கெனவே எழுதியிருக்கும். ஒரு உறையில் இரண்டு கத்தி! இன்றைக்கு ஃபைல் தெரியவில்லை, நாளைக்கு ஃபைல் சிஸ்டமே இருக்காது.

விஎம்வேரில் (ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருள்) இந்தத் தொல்லை தெரியாது, அதன் ஃபைல் சிஸ்டமான விஎம்எஃப்எஸ் டிஸ்கிலேயே பூட்டு போட்டுப் பார்த்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸில் லன் மேல் சாதாரண எல்விஎம் (டிஸ்கைத் தனித்தனி வால்யூமாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) போட்டு, ஸ்டோரேஜ் அமைப்பில் ‘ஷேர்டு’ டிக் செய்யுங்கள். ஒவ்வொரு விஎம் டிஸ்கும் தனி லாஜிக்கல் வால்யூம் ஆகிவிடும். எல்விஎம்-தின் (எழுத எழுத மட்டும் இடம் எடுக்கும் வகை) வேண்டாம், அது ஒரு சர்வருக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு குறை, இந்த முறையில் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைப் பதிந்து, பிறகு அதற்கே திரும்பும் வசதி) கிடையாது. 2025-ல் வந்த 9-ம் பதிப்பில் சோதனை நிலையில் கொடுத்திருக்கிறார்கள். ஆலைக் கணக்கு ஓடும் இடத்தில் நான் இன்னும் அதைத் தொடமாட்டேன்.

திருப்பரங்குன்றம், கல்லூரி லேப்: சானுக்கு இரண்டு கேபிள் போகிறது. பாண்டிங் (இரண்டு போர்ட்டை ஒன்றாகக் கட்டுவது) போடலாமா?

ஐஸ்கஸிக்கு (நெட்வொர்க் வழியே சான் டிஸ்கைக் கொடுக்கும் முறை) மல்டிபாத்தான் (ஒரே டிஸ்குக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாக நிர்வகிப்பது) சரி. இரண்டு போர்ட், இரண்டு ஸ்விட்ச், இரண்டு சப்நெட். மல்டிபாத் இல்லாவிட்டால் ஒரே லன் இரண்டு டிஸ்காகத் தெரியும். அதில் ஒன்றின் மேல் எல்விஎம் போட்டுவிட்டு, பாதை அறுந்ததும் அழுதவர்கள் உண்டு. அமைத்து முடித்ததும் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். விஎம் நெடுநேரம் உறைந்து நின்றால், ஐஸ்கஸி அமைப்பில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் (அறுந்த பாதை திரும்ப வரும் என்று காத்திருக்கும் நேரம்) 120 வினாடியாக இருக்கும். 15 ஆக்குங்கள்.

மேலூர், ஆஸ்பத்திரி: சார், முதல் சர்வரை இணைத்தால் இரண்டாவது அறுந்துபோகிறது. இரண்டாவதை இணைத்தால் முதலாவது.

இரண்டாவதை க்ளோன் செய்து போட்டீர்களா? நானும் இதே கூத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கேபிளை மாற்றி மாற்றிச் செருகியிருக்கிறேன். விடிந்ததும் டீ குடித்துவிட்டு வந்து இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இனிஷியேட்டர் ஐகியூஎன் (சானிடம் சர்வர் சொல்லும் தன் பெயர்) கடைசி எழுத்து வரை ஒன்றே! ஒரே ஆள்தான் திரும்ப வந்திருக்கிறார் என்று நினைத்து சான் பழைய தொடர்பை வெட்டிவிடுகிறது. ஒன்றில் பெயரை மாற்றி, சானின் அனுமதிப் பட்டியலிலும் சேருங்கள்.

வடபழஞ்சி: ஜம்போ ஃப்ரேம் (1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) போட்டபின் லாகின் ஆகிறது, டிஸ்க் தெரிகிறது, பெரிய காப்பி மட்டும் தொங்குகிறது.

நடுவில் எங்கோ ஒரு ஸ்விட்ச் இன்னும் 1500-லேயே இருக்கிறது. சின்ன பாக்கெட் போய்விடும், பெரியது விழும். உடைக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள், 9000-ல் மீதி 28 ஹெடருக்கு. ஸ்விட்சைச் சரிசெய்ய முடியாவிட்டால் எல்லா இடத்திலும் 1500-க்கே திரும்புங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

திருமங்கலம்: இரண்டு சர்வர் போதுமா?

ஓடும். ஆனால் ஒன்று விழுந்தால் மற்றதற்குக் கிளஸ்டரில் பெரும்பான்மை ஓட்டு இல்லை. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு பழைய பிசியில் க்யூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடும் சின்ன மென்பொருள்) போடுங்கள்.

உசிலம்பட்டி: மாதாந்திர மின்தடை அன்று எதை முதலில் அணைப்பது?

விஎம், சர்வர், சான், கடைசியாக ஸ்விட்ச். கரண்ட் வந்ததும் தலைகீழ் வரிசை. சானின் இரண்டு கன்ட்ரோலரும் எழுந்து, லன் தயார் என்று காட்டும்வரை சர்வர் பட்டனில் கை வைக்காதீர்கள்.