மாநாட்டில் காட்டப்பட்ட கருவிக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

கேள்வி: கிளிநொச்சியில் பட்டறை வைத்திருக்கிறேன். நீர்கோத்து வீங்கிய காலின் சுற்றளவை ஐந்து இடங்களில் ஒரே தடவையில் அளக்கும் கருவியொன்றைச் செய்தேன். அளக்கவேண்டிய இடங்களைத் தீர்மானித்துத் தந்த வைத்தியர், எட்டு மாதங்களுக்கு முன் கொழும்பில் ஒரு மாநாட்டில் அதைத் தன் பெயரில் காட்டிவிட்டார். அண்ணன்போல நம்பியிருந்தேன். திருட்டென்று கூறிக் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். அவர் செய்த துரோகத்தை விட, மாநாடு நடந்த திகதியே உங்கள் கருவிக்கு ஆக்கவுரிமை (patent) கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கவுரிமை விண்ணப்பத்துக்கு முன் பகிரங்கமான கண்டுபிடிப்பு புதியதாகாது; அதற்கு ஆக்கவுரிமை கிடைக்காது. இதற்கு 64ஆம் பிரிவில் இரண்டு விலக்குகள் உண்டு: விண்ணப்பதாரரின் செயலால் வெளிப்பட்டிருந்தால் ஓராண்டுக்குள்ளும், அவரது உரிமையைப் பிறர் துஷ்பிரயோகம் செய்ததால் வெளிப்பட்டிருந்தால் ஆறு மாதங்களுக்குள்ளும் விண்ணப்பித்துவிட வேண்டும். திருட்டென்று நீங்களே கையொப்பமிட்டு எழுதினால், முடிந்துபோன ஆறு மாதக் கணக்குக்குள் உங்களை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள். ஆத்திரத்தில் எழுதிய கடிதம் பின்னர் எதிர்த்தரப்பின் ஆவணக்கட்டில் முதற் சான்றாக வந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதன் பிறகு எந்தச் சத்தியக் கடதாசியாலும் அதை அழிக்க முடியாது.

அளக்கும் இடங்களைத் தீர்மானித்தவர் அவரென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தெரிவு கருவியின் அமைப்பிலேயே அடங்கியிருந்தால், அவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர். உரிமையும் இருவருக்கும் கூட்டாகவே சேரும். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால், மாநாட்டில் காட்டியது விண்ணப்பதாரர் ஒருவரின் செயலாகிவிடும், உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். ஆகவே சமாதானமாகப் போங்கள். பங்கு வீதத்தையும், கருவியைச் செய்து விற்கும் உரிமை யாருக்கென்பதையும் எழுத்தில் வைத்துக் கையொப்பம் பெற்ற பின்னரே விண்ணப்பிக்கக் கொழும்புக்குச் செல்லுங்கள். அவருடைய பங்கு வெறும் ஆலோசனை மட்டுமே என்றால் இந்த வழி பொருந்தாது; பொய்யாக ஒருவரைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டக் கூடாது.

விண்ணப்பத்தில் உரிமை கோர வேண்டியது கருவிக்கே. மனித உடலில் நோயறியும் முறைக்கு 62ஆம் பிரிவு ஆக்கவுரிமை தராது, அம்முறையில் பயன்படும் பொருளுக்குத் தரும். ஐரோப்பாவில் இந்த ஓராண்டுச் சலுகை இல்லாததால், அங்கே உரிமை பெறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மாநாட்டு நிகழ்ச்சிநிரலின் பிரதியொன்றை இந்த வாரமே எடுத்து வையுங்கள். திகதியை நினைவிலிருந்து சொல்வது போதாது.