படம் சபாவுடையது, பெயர் அப்பாவுடையது

கேள்வி: என் அப்பா 1968-இல் புகழ்பெற்ற நாடக நடிகை ஒருவரை ஆயில் பெயின்டிங்காக வரைந்தார். 1991-இல் காலமானார். மதுரையில் ஒரு நாடக சபாவில் இருக்கும் அந்தப் படத்தைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சொல்லி, அப்பாவின் கையெழுத்தின் மேல் பெயின்ட் பூசிவிட்டார்கள். காலண்டர் போட்டும் விற்கிறார்கள். அதிலும் அப்பா பெயர் இல்லை. கேட்டால், 'காசு கொடுத்து வாங்கிய படம்' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: காசு கொடுத்து வாங்கியது கான்வாஸை. அச்சடிக்கும் உரிமை வேறு சொத்து. அது யாருடையது என்பதற்கு, முதலில் யார் யாரைத் தேடி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. சபா கேட்டுக்கொண்டு, பணம் பேசி வரையச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை சபாவுக்கே. அப்பா தாமாக வரைந்து பிறகு விற்றிருந்தால் உரிமை அவருடையது. எழுதிக் கொடுக்காதவரை கைமாறாது. 2051 டிசம்பர் 31 வரை வாரிசுகளுக்கு அது உண்டு.

ஆகவே பழைய கடிதங்கள், அப்பாவின் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் தேடுங்கள். படம் முடிவதற்கு முன்பே 'அட்வான்ஸ்' என்று ஒரு வரி இருந்தால், காலண்டருக்குப் பணம் கேட்பது கஷ்டம்.

ஆனால் பெயர் விஷயம் அப்படியல்ல. 57-ஆம் பிரிவின்படி, பதிப்புரிமை கைமாறினாலும் படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், அவர் மதிப்பைக் குலைக்கும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் கலைஞரிடமே நிற்கும். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்க்கப்பட்ட தம் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுத்து, சிற்பத்தையும் திருப்பித் தரச் சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் 'பெயர் கேட்கும் உரிமை வாரிசுகளுக்குக் கிடையாது' என்று சொல்லலாம். அது பழைய சட்டம். 2012 திருத்தத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது.

சாட்சியத்தை இப்போதே சேருங்கள். கையெழுத்து தெரியும் பழைய போட்டோ இருந்தால் அதுவே பெரிய பலம். காலண்டர் ஒன்றை பில்லோடு வாங்குங்கள். சபா அனுமதித்தால், இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்து அந்த மூலையைப் படம் எடுங்கள். பழைய வார்னிஷ் மங்கலான பச்சையாக ஒளிரும். பின்னால் பூசிய இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். அடியில் இருக்கும் கையெழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து, 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ். பயிற்சி பெற்ற ஓவியப் பாதுகாப்பாளரைக் கொண்டு மேல்பூச்சை அகற்ற வேண்டும், விற்காத காலண்டர்களில் பெயர் ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 62-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். கோரிக்கை 3 லட்சத்தைத் தொட்டால் வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்காவிட்டால் அங்கே முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். இழப்பீடு கேட்க 3 ஆண்டுதான் அவகாசம். பெயின்ட் பூசிய தேதியைத் தெரிந்துகொண்டு உடனே குறித்து வையுங்கள்.