மகளுக்குப் பத்து வயது, அடுத்ததுக்கு யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 38 வயது, கணவருக்கு 44. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து வந்து, வீட்டுத்திட்ட வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. சிசேரியனில் பிறந்த மகளுக்கு இப்போது பத்து வயது. அவளுக்குப் பிறகு கருத்தடைக்கு மூன்று மாத ஊசி போட்டேன். நிறுத்தி இரண்டு வருசம். தீட்டு ஒழுங்காக வருகிறது, பிள்ளைதான் உண்டாகவில்லை. ஊசிதான் காரணம் என்கிறா மாமி. "முதல் பிள்ளை எனக்குத்தானே பிறந்தது, எனக்கு என்னத்துக்குச் செக்கப்?" என்கிறார் இவர். நெல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். சீனி வருத்தமும் இருக்கு. நேரே கொழும்புக்குப் போய் ரெஸ்ற் ரியூப் பேபி செய்யலாமா? நகை கொஞ்சம் இருக்கு.
(பெயர் வேண்டாம், விசுவமடு)

ஓய்வுபெற்ற மருத்துவமாதுவின் பதில்:

பிள்ளை, முதலில் அந்த ஊசிக் கதையை விட்டுவிடுங்கோ. ஊசியை நிறுத்தினால் கரு உண்டாகச் சில மாதம் பிந்தும், கடைசி ஊசியிலிருந்து பத்து மாதமளவு செல்லும், ஒரு வருசத்துக்கு மேல் எடுக்கிறவர்களும் உண்டு. இரண்டு வருசம் கழித்து, தீட்டும் ஒழுங்காக வருகிற ஆளுக்கு அந்தப் பழியைப் போட ஏலாது. மாமியோடு இதுக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ. நான் வேலை செய்த ஊர் முழுக்க மாமிமார் இதைத்தான் சொன்னவை.

சண்டை பிடிக்கிறதென்றால் இவரோடு பிடியுங்கோ. 44 வயதில் சீனி வருத்தத்தோடு இருக்கிறவர், பத்து வருசத்துக்கு முந்தின ஆள் இல்லை. சீனி கூடினபடி இருந்தால் விந்தும் பழுதாகும், சிலருக்கு உறவிலேயே தடங்கல் வரும். வெளியில் சொல்ல மாட்டினம். நாள் முழுக்கச் சூட்டில் இருந்து ஓட்டுகிற வேலையும் நல்லதில்லை. கிளினிக் வாங்கில் பொம்பிளை மட்டும் வந்து இருந்து, இரத்தம் கொடுத்து, ஸ்கான் பார்த்து, குளிசை விழுங்கி, ஒரு வருசம் போனபிறகு புருசனைப் பார்த்தால் குறை அங்கே இருக்கும். எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் விந்துப் பரிசோதனைதான் எல்லாத்திலும் லேசு, ஒரு ஊசி கூட இல்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருந்துவிட்டுப் போகவேணும். விசுவமடுவில் வீட்டில் எடுத்து, போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பரந்தன் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற கதை சரிவராது. ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் ஆய்வுகூடத்துக்குப் போகவேணும். அங்கேயே எடுக்க ஒழுங்கு கேளுங்கோ. விந்து உருவாக இரண்டரை மாதமளவு செல்லும். அதனால் ரிப்போர்ட் குறைவாக வந்தால், சீனியைக் கட்டுப்படுத்தி, சிகரெட், சாராயம் இருந்தால் விட்டுப்போட்டு, மூன்று மாதத்தால் திரும்பப் பார்க்கவேணும்.

கோவிக்காமல் ஒன்று சொல்லுங்கோ: இந்த இரண்டு வருசத்தில் இவர் எத்தனை மாதம் வீட்டில் நின்றவர்? காலபோக வெட்டு, சிறுபோக வெட்டு என்று மெஷினோடு திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டினம். 28 நாளுக்கு ஒருக்கால் தீட்டு வருகிறவளுக்குப் பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாள் வரை ஒன்றுவிட்ட ஒருநாள் சேரவேணும். ஆள் அந்தக் கிழமை கந்தளாயில் நின்றால் என்ன மருந்து எடுத்து என்ன? கலண்டரில் நாளைக் குறித்து, மெஷின் முதலாளியோடு கதைக்கச் சொல்லுங்கோ.

அதுக்காக "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" என்று இருக்கவேண்டாம். 35க்குக் கீழே ஒரு வருசம் பார்க்கலாம், 35 தாண்டினால் ஆறு மாதம், 40 என்றால் உடனே போகவேணும். முட்டை வயதோடு குறைந்துகொண்டுதான் போகும், ஒரு பிள்ளை பெற்றவளுக்கு அதில் விலக்கு இல்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கோ, நானும் வைக்கிற ஆள்தான்; கிளினிக் திகதியை மட்டும் தள்ளிப்போடாதேங்கோ.

உங்கட பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை. சிசேரியன் செய்தபோது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் அட்டையும் இவரின் கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். போலிக் அசிட் குளிசையை இப்பவே தொடங்கலாம். உங்களுக்குத் தைரொயிட், சீனி, ஸ்கான் பார்ப்பினம். முட்டைக் கையிருப்பை அறிய ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையும் உண்டு. சிசேரியன் செய்த வயிறு என்றபடியால் கருக்குழாய் அடைத்திருக்கோ என்று மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரேயைப் பற்றியும் கேளுங்கோ. தீட்டு வந்து முடிந்த கையோடு எடுப்பினம், அடிவயிறு கொஞ்ச நேரம் இழுத்து நோகும்.

குழாய் இரண்டும் அடைத்திருந்தால், அல்லது விந்து மிகக் குறைவென்றால்தான் கொழும்புக் கதை. இல்லாவிட்டால் முட்டை வெளிவரக் குளிசை, விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் விடுகிற முறை என்று செலவு குறைந்த வழிகள் முதலில் இருக்கு. ரெஸ்ற் ரியூப்பில் 38 வயதில் ஒரே தரத்தில் சரிவருகிறவர்களைவிடச் சரிவராதவர்கள்தான் கூட. அதனால் நகையை அடகு வைக்க முதல் டொக்டரிடம் நேரே கேளுங்கோ: என்ர வயதுக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் எவ்வளவு சான்ஸ், ஒரு தரத்துக்கு மருந்தோடு எவ்வளவு செலவு, சரிவராவிட்டால் மறுதரத்துக்கு எவ்வளவு? மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, மகளுக்கென்று வைத்த நகையை வேறாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு இரண்டு பேருமாக இருந்து கணக்குப் பாருங்கோ.