வலை தொய்ந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு இணையத்தில் கைப்பந்து வலை வாங்கினோம். விளம்பரத்தில் 'சர்வதேசத் தரம், நீளம் 9.5 மீட்டர்' என்று போட்டிருந்தார்கள். வந்ததை அளந்தால் 9 மீட்டர்தான். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் தொய்கிறது. சரியான அளவு என்ன? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நீளக் குறைவைச் சொல்லிக் கேளுங்கள். தொய்வைச் சொன்னால், 'நீங்கள் கட்டிய விதம் சரியில்லை' என்று விற்றவர் கைகழுவிவிடுவார்.

சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி வலையின் அகலம் 1 மீட்டர், நீளம் 9.5 முதல் 10 மீட்டர். ஆடுகளத்தின் அகலமே 9 மீட்டர். பக்கக் கோடுகளுக்கு நேர் மேலே வலையில் 5 செ.மீ. அகலத்தில் வெள்ளைப் பட்டை நிற்க வேண்டும். அதைத் தாண்டியும் இருபுறமும் 25 முதல் 50 செ.மீ. வரை வலை நீள வேண்டும். உங்கள் வலையில் அந்தப் பட்டைகள் ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். வலைக்கண் 10 செ.மீ. சதுரம், நிறம் கறுப்பு. மேல் பட்டை 7 செ.மீ.; வெள்ளைக் கேன்வாஸை இரண்டாக மடித்துத் தைத்திருக்க வேண்டும்.

அந்த மேல் பட்டைக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். விதி கேட்பது வளையக்கூடிய கேபிள். மலிவான வலைகளில் நைலான் கயிறு இருக்கும். காலையில் விறைப்பாகக் கட்டினால் மாலைக்குள் இளகிவிடும். ஆண்களுக்கான 2.43 மீட்டர் உயரத்தை ஆடுகளத்தின் நடுவில்தான் அளக்க வேண்டும். பக்கக் கோடுகளுக்கு மேலே இருபுறமும் ஒரே உயரம் இருக்க வேண்டும், அது 2.45 மீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊர்களில் கம்பத்தை ஒட்டி அளந்துவிட்டுத் திருப்தியாக ஆடத் தொடங்குகிறார்கள். நடுவில் வலை ஒரு சாண் இறங்கியிருப்பதை எதிரணி ஸ்மாஷ் அடிக்கும்போதுதான் கவனிப்பார்கள்.

கேபிள் இருந்தாலும் கம்பம் உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை. சவுக்குக் கட்டை நட்டிருந்தால், முறுக்க முறுக்கக் கட்டைதான் உள்ளே சாயும். கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு கம்பத்துக்கு என்பதே என் கருத்து. உயரம் 2.55 மீட்டர், உருண்டையாக, வழவழப்பாக, பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் 1 மீட்டர் வரை தள்ளி இருக்க வேண்டும். இழுவைக் கம்பி கட்டி நிறுத்துவதை விதி ஏற்பதில்லை. பந்தின் மேல் கண் வைத்து ஓடுகிறவருக்கு அந்தக் கம்பி தெரியாது.

'சர்வதேசத் தரம்' என்ற அச்சுக்கு மயங்க வேண்டாம். அளவு ஒத்துப்போவது வேறு, சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. அங்கீகாரம் பெற்ற உபகரணங்களின் பட்டியல் சம்மேளனத்தின் இணையதளத்தில் உண்டு. ஊர்ப் போட்டிக்கு அது தேவையும் இல்லை.

இனி பணம். வலையைத் தரையில் விரித்து, டேப்பின் எண் தெரியும்படி படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் இன்றே படமாகச் சேமியுங்கள். நாளை அந்த '9.5' திருத்தப்பட்டிருக்கலாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: வலையின் இரு ஓரங்களிலும் நிறுத்தும் ஆன்டெனா கம்பியைத் தனியாக விற்கிறார்கள். அவசியமா?

பதில்: நடுவர் வைத்து ஆடும் போட்டி என்றால் அவசியம். பந்து வலையை எந்த எல்லைக்குள் கடக்க வேண்டும் என்று காட்டுவது அதுதான். நீளம் 1.80 மீட்டர், பருமன் 10 மி.மீ., வலைக்கு மேலே 80 செ.மீ. நிற்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பள்ளியில் மாணவர், மாணவியர் இருவருக்கும் ஒரே வலை போதுமா?

பதில்: வலை ஒன்றே போதும். பெண்களுக்கான உயரம் 2.24 மீட்டர், அதாவது 19 செ.மீ. குறைவு. ஏற்றி இறக்கும் வசதியுள்ள கம்பமாக வாங்குங்கள். சிறுவர்களுக்கான உயரத்தை மட்டும் போட்டி நடத்துவோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.