வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் மகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. ஒத்துவருமா?

வணக்கம் ஐயா.

மகள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) சேர ஆசைப்படுகிறாள், வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள், அங்கே போய் சாமி நம்பிக்கையை விட்டுவிடுவாளோ, கிறிஸ்தவ அமைப்பில் வேலை கிடைத்தால் மனம் மாறிவிடுவாளோ என்று கேட்டிருந்தீர்கள்.

படிப்பு அவள் நம்பிக்கையில் கை வைக்காது. தொடக்கத்திலேயே ஏழு நெறிகளைக் கற்றுத்தருவார்கள். உதவி தேடி வந்தவரைக் குற்றம் சொல்லக் கூடாது, அவர் வாழ்க்கையில் முடிவெடுப்பவர் அவரே என்பவை அவற்றில் இரண்டு. 1957-ல் இவற்றை வகுத்த ஃபெலிக்ஸ் பீஸ்டெக் ஓர் இயேசு சபைப் பாதிரியார். என்னிடம் வரும் பக்தியுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

என் கவலை வேறு. தனக்கு ஆறுதல் தந்ததை அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றுவது மனித இயல்பு. அழுகிற பெண்ணிடம், “இந்தப் பதிகத்தைப் படிங்க அக்கா, சரியாயிடும்” என்று வாய்வரை வந்துவிடும். அந்த அக்கா எந்த மதமோ, எந்தச் சாமிமேல் கோபமோ, யாருக்குத் தெரியும்? உதவிக்காக எதிரே உட்கார்ந்திருப்பவரால் “வேண்டாம்” என்று சொல்லவும் முடியாது.

மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்காகத் தர்காவுக்குக் கூட்டிவரும் ஊரான ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் அங்கேயே அரசு மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. துவா என்னும் பிரார்த்தனையும் உண்டு, மருந்தும் உண்டு. வருகிறவர்களில் இந்துக்களும் நிறைய. அங்கே ஒரு சமூகப்பணியாளர், “இதெல்லாம் மூடநம்பிக்கை” என்றால் குடும்பம் நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய்விடும். “பிரார்த்தனையே போதும்” என்றால் மாத்திரை நின்றுவிடும். எத்தனை நாள் தங்குவதாக வேண்டுதல், அதுவரை மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது என்று அவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். வேண்டுதலின் கனம் தெரிந்த உங்கள் மகளுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வரும். அவளுடைய பக்தி அங்கே பெரிய பலம்.

சில இடங்களில் அதுவே இடிக்கும். கருக்கலைப்புக்கு வரும் பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருந்தால், 1971-ம் ஆண்டுச் சட்டப்படி அவர் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்துகூடத் தேவையில்லை. “பாவம்” என்று மனசு சொன்னால், அதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, வேறொருவரிடம் அந்தப் பெண்ணை ஒப்படைக்க வேண்டும். முகம் சுளிப்பதுகூடத் தவறு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, அதன் குறிப்பேடு, மேற்பார்வையாளரோடு பேச்சு எல்லாம் இந்தப் பழக்கத்துக்காகத்தான். குறிப்பேட்டில் தன் மனசில் ஓடியதையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, தேவாலய அமைப்புகள் போலவே ராமகிருஷ்ண மிஷனும் முஸ்லிம் அறக்கட்டளைகளும் சேவை செய்கின்றன. ஜெபக் கூட்டத்துக்கோ பூஜைக்கோ கட்டாயம் வர வேண்டுமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடலாம். அரசுப் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட மனநலத் திட்டம் போன்றவை உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, சம்பளமும் குறைவு. இதை மறைக்க எனக்கு மனமில்லை. கனமான கதைகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் மாலைகளில் அந்த விளக்கும் விரதமும் அவளைத் தாங்கும், அதனால் அவற்றை விடச் சொல்லாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மாதம் ஏதாவது முதியோர் இல்லத்திலோ மறுவாழ்வு மையத்திலோ தன்னார்வலராக இருந்து பார்க்கட்டும். அப்புறம் அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். அந்த ஒரு மாதத்தில் யாருக்காவது அறிவுரை சொல்லத் துடித்து வாயை அடக்கிக்கொண்ட நாள் உண்டா என்றுதான் முதலில் கேட்பேன். எந்தக் கல்லூரி என்பதை அதற்கப்புறம் பேசலாம்.